தொட்டுவிட்டு ஆரம்பி

அந்தச் சலவை ஆலையில் புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு முதலில் காட்டப்படுவது கழிப்பறை. மெஷின், மேனேஜர், வருகைப் பதிவெல்லாம் அப்புறம்தான். இந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவள் இஸ்திரிப் பிரிவின் சூப்பர்வைசர். "வாம்மா, வா" என்று வாசலுக்கே வந்து கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போவதால் அவளுக்கு வாம்மாக்கா என்றே பெயர் நிலைத்துவிட்டது.

பஸ் கண்டக்டரான அவள் புருஷன் கேட்பான்: "வேலை முடிஞ்சு நானும்தான் வீட்டுக்கு வர்றேன். ஒரு நாளாவது என்னை அப்படிக் கூப்பிட்டிருக்கியா?"

"நீங்க டிக்கெட் எடுத்துட்டு வாங்க, கூப்பிடறேன்."

கழிப்பறையில் தொடங்குவதற்குக் காரணம் இருந்தது. பத்தொன்பது வயதில் அவள் அதே ஆலைக்கு வந்தபோது அவளை யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. சாப்பாட்டுப் பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பாதி நாள் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே நின்றாள். கழிப்பறை எங்கே என்று கேட்க வெட்கப்பட்டு, சாயங்காலம்வரை அடக்கிக்கொண்டிருந்து, வீட்டுக்குப் போய் வலியில் அழுதாள். தனக்கு அதிகாரம் என்று ஒன்று வந்தால் எந்தப் பெண்ணையும் இப்படி நிற்க விடக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தாள். அதிகாரம் வந்தது. சொன்னபடியே செய்தாள்.

பை மாட்ட ஆளுக்கொரு ஆணி. எந்த மூலையில் காற்று வரும், யாரிடம் லீவு கேட்டால் கிடைக்கும், யார் வாயைக் கிண்டக் கூடாது, எல்லாம் சொல்வாள். முதல் நாள் தன் பக்கத்திலேயே உட்காரவைத்துச் சாப்பிடச் சொல்வாள். இப்படி ஒரு சூப்பர்வைசர் கிடைத்தது கொடுப்பினை என்று வந்தவர்கள் வீட்டில் போய்ச் சொன்னார்கள். அது பொய்யில்லை.

கடைசியாக இஸ்திரி ரோலருக்கு அழைத்துப்போவாள்.

ஆள் நீளத்துக்குக் கொதிக்கக் கொதிக்கச் சுற்றும் இரும்பு உருளை அது. ஆஸ்பத்திரிகளிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளைத் துவைத்துப் பிழிந்ததும், இரண்டு பெண்கள் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து அதன் வாயில் கொடுக்க வேண்டும். உள்ளே இழுத்து, சுருக்கம் நீக்கி, மறுபக்கம் தகடு போலத் தள்ளிவிடும். வாய்க்குச் சற்று முன்னால் குறுக்கே ஒரு சிவப்புப் பட்டை ஓடும்.

"இதைத் தொட்டுட்டு ஆரம்பிக்கணும். கைக்கு ஒண்ணும் ஆகாது. இது இங்க வழக்கம்."

புதிதாக வந்தவள் பட்டையைத் தொடுவாள். சுற்றி நிற்பவர்கள் கைதட்டுவார்கள். வரவேற்பு முடிந்தது. அதன்பிறகு காலையில் வேலை தொடங்கும்போதெல்லாம் எல்லோரும் அதைத் தொட்டார்கள். ஒருத்தி தொட்ட கையை நெஞ்சில் வைத்துக்கொள்வாள். இன்னொருத்தி ஏதோ முணுமுணுப்பாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருத்தியின் வலது கை அந்த வாய்க்குள் போயிற்று. கை திரும்பி வந்தது, விரல்கள் வரவில்லை. 'அவ அன்னைக்குத் தொடாம ஆரம்பிச்சுட்டா' என்று ஆலை முழுக்கப் பேசினார்கள். 'நேரம் சரியில்லை' என்றார்கள். 'மெஷினுக்குக் கோபம்' என்றுகூடச் சொன்னார்கள். இரும்புக்கு ஏது கோபம்? நேரத்துக்கு ஏது பல்? மனிதன் செய்த அயோக்கியத்தனத்தை விதியின் தலையில் கட்டிவிட்டால் யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. அவ்வளவு வசதி.

உண்மை ரொம்பச் சாதாரணமானது. அந்தப் பட்டை, விரல் பட்டால் ரோலரை நிறுத்துவதற்காகவே பொருத்தப்பட்டது. தினமும் காலையில் அதைத் தொட்டு, ரோலர் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு வேலை தொடங்க வேண்டும். வாம்மாக்கா வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அப்படித்தான் நடந்தது. பெரிய ஆஸ்பத்திரியின் துணிகள் வர ஆரம்பித்ததும், விரிப்பின் மடிப்பு பட்டையில் இடித்து ரோலர் அடிக்கடி நின்றது. மேனேஜர் மெக்கானிக்கைக் கூப்பிட்டு அதற்குப் போகும் ஒயரைக் கழற்றச் சொன்னார். "கொஞ்ச நாளைக்குத்தான்" என்றார். மெக்கானிக் குனிந்து ஒயரைக் கழற்றியபோது டார்ச் அடித்தவள் வாம்மாக்கா.

ஒயர் போயிற்று. தொடுவது நின்றது. விரல்கள் போனபிறகுதான், தொட்டு ஆரம்பித்த காலத்தில் யாருக்கும் எதுவும் ஆகவில்லையே என்ற பேச்சில் மறுபடி தொடங்கியது, இப்போது பயத்தில். பயந்த பெண்களுக்கு ஒரு தைரியம் இருக்கட்டும் என்று வாம்மாக்கா தடுக்கவில்லை. பிறகு தானே சொல்லிக் கொடுக்கவும் ஆரம்பித்தாள்.

அன்று காலை வந்த பெண் ஒல்லியாக, நெடுநெடுவென்று இருந்தாள். கழிப்பறையைக் காட்டியபோது, "தாழ்ப்பாள் இருக்காக்கா?" என்று கேட்டு இழுத்துப் பார்த்தாள். ஆணியைக் காட்டியதும் அசைத்துப் பார்த்துவிட்டே பையை மாட்டினாள். வாம்மாக்காவுக்குச் சிரிப்பு வந்தது. சூடு தாங்கப் போட்டுக்கொள்ளும் துணிக் கையுறை சின்ன அளவில் இல்லை.

"கொஞ்சம் பெருசு. பழகிடும்."

"என் கைதான் வளரணும்" என்றாள் அந்தப் பெண்.

ரோலர் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருந்தது. எதிர்முனையில் நின்றவள் பட்டாசு. வாய் ஓயாதவள், அதனால் அந்தப் பெயர். வாம்மாக்கா வழக்கம்போல ஒவ்வொன்றாகச் செய்து காட்டினாள்.

"முனையை இப்படிப் பிடி. உள்ளே போகும்போது மடிப்பு விழுந்தா, பட்டைக்கு மேல கையை விட்டு லேசா தட்டி விடு. பழகினா கண்ணை மூடிட்டே செய்யலாம். ம், இப்ப தொட்டுட்டு ஆரம்பி."

அந்தப் பெண் தொட்டாள். நான்கைந்து பேர் கைதட்டினார்கள். அவள் கையை எடுக்கவில்லை. பட்டையை இன்னும் கொஞ்சம் அழுத்தினாள்.

"தொட்டா என்னக்கா ஆகணும்?"

இத்தனை நாளில் யாரும் கேட்காத கேள்வி. வாம்மாக்கா பதிலை ஒரு விழுங்கு விழுங்கப் பார்த்தாள். முடியவில்லை.

"நிக்கணும்" என்றாள்.

"நிக்கலையே."

பட்டாசு சிரித்தாள். "அதுக்கு உன்னைப் பிடிச்சுப் போச்சுடி. அதான் விட மாட்டேங்குது."

எல்லோரும் சிரித்தார்கள். வாம்மாக்கா அந்தப் பெண்ணின் கையைப் பட்டையிலிருந்து எடுத்துவிட்டாள். "நீ இங்கயே நில்லு. எதையும் தொடாத. நான் வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு மேனேஜரின் கண்ணாடி அறைக்குப் போனாள்.

மேனேஜர் தலையை நிமிர்த்தவில்லை. "மதியம் ஆஸ்பத்திரி வண்டி வருது. தெரியுமில்ல?"

"சார், அந்த ஒயரை இன்னைக்கு மாட்டிடலாம் சார்."

"எந்த ஒயர்?"

"உங்களுக்குத் தெரியும் சார்."

இப்போது நிமிர்ந்தார். குரல் இனிப்பாக இருந்தது. "ரெண்டு வருஷமா ஒண்ணும் ஆகல. இன்னைக்கு என்ன திடீர்னு?"

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஆச்சு."

"அது அந்தப் பொண்ணோட கவனக்குறைவு. நீங்களும்தானே அப்படிச் சொன்னீங்க? பாருங்கம்மா, உங்களை ஏன் சூப்பர்வைசர் ஆக்கினேன்? புதுசா வர்றவங்க பயப்படாம இருக்கணும். நீங்க சிரிச்சுப் பேசினா பயம் போயிடுது. அதைச் செய்யுங்க, போதும்."

அவள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். கண் மட்டும் கண்ணாடிக்கு வெளியே இருந்தது. அங்கே ஈர விரிப்புகள் மலையாகக் குவிந்துகொண்டிருந்தன. பட்டாசின் வாய் அசைந்தது. சத்தம் கேட்கவில்லையென்றாலும் என்ன சொல்லியிருப்பாள் என்று தெரியும்: ஏய் புதுசு, வேடிக்கை பார்க்கவா வந்தே, அந்த முனையைப் பிடி. அந்தப் பெண் கண்ணாடி அறைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு முனையைப் பிடித்தாள்.

விரிப்பு உள்ளே போயிற்று. ஓரத்தில் ஒரு மடிப்பு விழுந்தது. அந்தப் பெண் பட்டைக்கு மேலே கையை விட்டு லேசாகத் தட்டினாள். சொல்லிக் கொடுத்ததை அப்படியே செய்தாள்.

வாம்மாக்கா ஓடினாள். நாற்காலி விழுந்ததோ, மேனேஜர் ஏதாவது கத்தினாரோ, அவளுக்குத் தெரியாது. சுவரில் இருந்த, மெஷினை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை உள்ளங்கையால் குத்தினாள். அத்தனை கனமான இரும்பு சட்டென்று நிற்காது. முனகிக்கொண்டே இன்னும் அரைச் சுற்று சுற்றியது.

மறுபக்கம் விரிப்பு வெளியே வந்தது. அதன்மேல் ஒட்டிக்கொண்டு கையுறையும் வந்தது. ஐந்து விரலும் விரித்தபடி, தாள் மாதிரித் தட்டையாக.



அந்தப் பெண் தரையில் உட்கார்ந்திருந்தாள். வலது கையை மடியில் வைத்து இடது கையால் பொத்தியிருந்தாள். வாம்மாக்கா மண்டியிட்டு அதைப் பிரித்தாள். இரண்டு விரல்களின் நுனி வெந்து சிவந்திருந்தது. ஒவ்வொரு விரலையும் தொட்டுப் பார்த்தாள். எல்லாம் இருந்தன. கையுறை பெரிதாக இருந்ததால் கை நழுவி வந்துவிட்டது, வேறு காரணம் எதுவும் இல்லை. யாரும் காப்பாற்றவில்லை. சரியான அளவுக் கையுறை கிடைத்திருந்தால் கையும் சேர்ந்தே போயிருக்கும்.

"தொட்டுட்டுத்தானே ஆரம்பிச்சா?" என்றாள் பட்டாசு.

"போன தடவையும் ஒருத்தி தொட்டுட்டுத்தான் ஆரம்பிச்சா" என்றாள் வாம்மாக்கா. "அதுவரைக்கும் தொடாதவ, அன்னைக்கு ஏனோ பழைய ஞாபகத்துல தொட்டா. நான் பாத்தேன். அவ தொடலைன்னு நாமளாவே சொல்லிக்கிட்டோம். நானும் சொன்னேன். இதுக்குப் போற ஒயரைக் கழட்டி ரெண்டு வருஷத்துக்கு மேல ஆகுது. நீங்க வெறும் இரும்பைத் தொட்டுக்கிட்டிருக்கீங்க."

பட்டாசு தன் கையைப் பார்த்துக்கொண்டாள். பிறகு ரோலரிடமிருந்து ஒரு எட்டுப் பின்னால் வந்து நின்றாள். மற்றவர்களும் அப்படியே வந்தார்கள். மேனேஜர் அறையை விட்டு வெளியே வந்து வண்டி வரும் நேரத்தைச் சொன்னார். வேலை போய்விடும் என்றார். யாரும் நகரவில்லை. வாம்மாக்கா தட்டையான கையுறையை எடுத்து அவர் கையில் வைத்தாள். அவர் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே நின்றார். பிறகு மெக்கானிக்கைக் கூப்பிட்டார்.

ஒயரை மாட்ட ரொம்ப நேரம் ஆகவில்லை. டார்ச் அடிக்க வாம்மாக்காதான் நின்றாள். ரோலர் சுற்றத் தொடங்கியதும், விரலில் துணி சுற்றிய அந்தப் பெண் இடது கையை நீட்டிப் பட்டையைத் தொட்டாள்.

நின்றது.

யாரும் கைதட்டவில்லை. அந்தப் பெண் இன்னொரு தடவை ஓட்டச் சொன்னாள். மறுபடி தொட்டாள். மறுபடியும் நின்றது.

மெக்கானிக் ஒயர்ப் பெட்டியை மூடினான். நாலு மூலையிலும் திருகாணி போடவில்லை. ஒன்றே ஒன்றைப் போட்டு, அதையும் பாதி திருகி விட்டுவிட்டான்.

"மிச்சத்தையும் போடுப்பா."

"நாளைக்குப் போடறேன்கா." அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பார்வை கண்ணாடி அறைப் பக்கம் போய்த் திரும்பியது.

அவன் பையிலிருந்து திருப்புளியை அவளே எடுத்தாள். நாலு திருகாணிகளையும் போட்டுக் கை வலிக்கும்வரை முறுக்கினாள். மாட்டியதைக் கழற்றவும் அதே திருப்புளி போதும் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை.

சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பியவள் கண்ணாடி அறையைத் தாண்டிப் போனாள். கதவு சாத்தியிருக்கவில்லை. மேனேஜர் போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார்.

"ஆமா, இஸ்திரிப் பிரிவுக்குத்தான். ஒரு சூப்பர்வைசர் வேணும். அனுபவம் இல்லேன்னாலும் பரவாயில்லை, நாமளே பழக்கிக்கலாம். சிரிச்ச முகமா இருக்கணும். அதுதான் முக்கியம்."