சுவர்ப்பக்கத்து போல்ட்

போன ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணிக்கு, எங்கள் கல்லியின் நடுவே என் ஸ்கூட்டரைக் குறுக்காக நிறுத்தி, சென்டர் ஸ்டாண்டு போட்டு, சாவியை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

தாராவியில் கல்லி, அதாவது சந்து, எவ்வளவு அகலம் இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு ஸ்கூட்டர் போனால் எதிரே வருகிறவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். அங்கே வண்டியைக் குறுக்கே போட்டால் என்ன ஆகும்? ஒரே நிமிடம்தான்... இந்தப் பக்கம் ஆறு பேர், அந்தப் பக்கம் ஏழு பேர். பதின்மூன்று பேரும் என்னையே பார்க்கிறார்கள்.

நானோ, கல்யாணப் பந்தியில் இன்னொரு கரண்டி சோறு கேட்கக் கூச்சப்பட்டு அரை வயிற்றோடு எழுந்து வருகிறவன்.

அப்படிப்பட்டவன் ஏன் வழியை மறித்தேன்? அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைக்குப் போகவேண்டும்.

எங்கள் கல்லி முனையில் மைதீன் பாய் ஸ்கூட்டர் பட்டறை வைத்திருக்கிறார். தென்காசிப் பக்கத்துக்காரர், என் வயதுதான். பன்னிரண்டு வருடமாக என் வண்டிக்கு ஆயில் மாற்றுகிறவர் அவர்தான். அவரால் எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. தொந்தரவு அவருடைய பெஞ்சால்தான்.

பட்டறை வாசலில் அந்த பெஞ்சு கிடக்கிறது. எப்போதும் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள். வருகிறவன் போகிறவனைக் கிண்டல் செய்வதுதான் அவர்களுக்கு வேலை. என்னைக் கண்டால் விடுவார்களா?

“வாங்க எழுத்தாளரே. இந்த வாரம் யாரு தலைய உருட்டப் போறிய?”

ஒரு தமிழ்ப் பத்திரிகையில் நான் வாராவாரம் பத்தி எழுதுகிறேன், அதற்குத்தான் இந்தக் கேலி. வண்டி வேலை முடிகிற அரைமணி நேரமும் நான் என் செருப்பையே பார்த்துக்கொண்டு நிற்பேன்.

இதைத் தெரிந்துவைத்திருந்த என் மகள் போனில் ஒரு வீடியோ காட்டினாள். வீட்டிலேயே ஆயில் மாற்றுவது எப்படி? ஹிந்தியில் ஒருவர் செய்து காட்டினார். ஒரு போல்ட்டைக் கழற்று, பழைய ஆயில் வடியட்டும், போல்ட்டை மாட்டு, புது ஆயிலை ஊற்று. அவ்வளவுதான்.

“ஈஸி ஹை பா. நீங்களே பண்ணிரலாம்” என்றாள்.

பெஞ்சிலிருந்து விடுதலை... யாருக்குத்தான் ஆசை வராது?

ஞாயிறு காலை அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் வேலை செய்வது பை தைக்கிற பட்டறையில். தையல் மெஷின்களுக்கு வைத்திருக்கும் ஸ்பேனர்களில் இரண்டை முதல் நாளே கேட்டு வாங்கி வந்திருந்தேன். ஒரு தண்ணீர் பாட்டிலைப் பாதியாக வெட்டினேன். கீழ்ப்பாதி பழைய ஆயில் பிடிக்க. மேல்பாதியைத் தலைகீழாக்கினால் புனல்.

வண்டியோடு வந்த புத்தகத்தையும் ஒருமுறை புரட்டினேன். இங்கிலீஷும் ஹிந்தியுமாக இருந்தது. நான் ஐந்தாவது வரை படித்தவன், அதுவும் தமிழில். படம் பார்த்துவிட்டு மூடிவைத்தேன்.

வீடியோக்காரர் பெரிய முற்றத்தில் வண்டியை நடுவில் நிறுத்தி, சுற்றிச் சுற்றி வந்தார். எங்களுக்கு அந்த வசதி ஏது? எங்கள் கல்லியில் வண்டி என்றால் வலதுபக்கம் சுவரோடு சுவராக ஒட்டித்தான் நிற்கும். அதன் இடதுபக்கம் மட்டும்தான் நம் கண்ணுக்கு. வீட்டில் பீரோவின் பின்பக்கத்தை யாராவது பார்த்திருக்கிறோமா? அப்படித்தான் இதுவும்.

இடதுபக்கம் குனிந்து பார்த்தேன். பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் கீழே ஒரு போல்ட் இருந்தது. கழற்றினேன். ஆயில் வந்தது.

வந்தது... நின்றுவிட்டது.

வெட்டிய பாட்டிலைத் தூக்கிப் பார்த்தேன். தெருமுனை நாக்காவில் குடிக்கிற அரை அளவு கட்டிங் டீ இருக்கிறதே, அதில் ஒன்றரை கிளாஸ் இருக்கும். அவ்வளவே. கறுத்துப்போகவும் இல்லை.

போல்ட்டைத் திரும்ப மாட்டினேன். புது ஆயில் ஊற்றுகிற மூடி சுவர்ப்பக்கம் இருந்தது. பின்னாலிருந்து கையை நுழைத்து, தடவித் தடவித் திறந்து, புனலை வைத்து, வாங்கிவைத்திருந்த புது ஆயில் பாட்டிலை முழுதாகக் கவிழ்த்தேன். கடைசியில் கொஞ்சம் வெளியே வழிந்தது. முதல்முறையாக என் வண்டிக்கு வயிறு நிறைந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் என் மனைவி செல்வி வெளியே வந்தாள். பழைய ஆயில் பிடித்த பாட்டிலைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

“இவ்ளோதான் இருந்துச்சா? பாய் ஒவ்வொரு தடவையும் ஒரு பாட்டிலுல்லா உடைச்சாரு?”

நான் ஒன்றும் சொல்லவில்லை.

“அப்ப மிச்சத்த என்ன செஞ்சாரு? பாய் இப்படிச் செய்வாருன்னு நெனைக்கவே இல்லங்க.”

அப்போதும் நான் ஒன்றும் சொல்லவில்லை. இருக்காது என்று சொல்லியிருக்கலாம். விசாரிப்போம் என்றாவது சொல்லியிருக்கலாம். உண்மையைச் சொன்னால், எனக்கும் அதே சந்தேகம்தான். பாட்டிலை அவள் கையிலிருந்து வாங்கி ஓரமாக வைத்தேன்.

குழாயில் தண்ணீர் வரும் நேரம். செல்வி குடத்தோடு போனாள். அவள் பொய் சொல்கிறவள் இல்லை. பார்த்ததைத்தான் அங்கே சொன்னாள். கேட்டவர்கள் என்னைப் பற்றி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்களாம்.

“அண்ணாச்சியே பார்த்தாங்களா?”

“அவங்கதான கழத்துனாங்க.”

“அப்ப சரியாத்தான் இருக்கும். அவங்க வாயத் தொறந்து யாரையும் ஒண்ணும் சொல்லமாட்டாங்களே.”

பார்த்தீர்களா? நான் வாயே திறக்கவில்லை. அதனாலேயே என் சாட்சி பலமாகிவிட்டது. கூச்சப்படுகிறவனை நல்லவன் என்று ஊர் தானாக முடிவுகட்டிவிடுகிறது. அவனால் யாருக்கும் கெடுதல் வராதாம்.

திங்கட்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வரும்போது பெஞ்சில் இரண்டு பேர்தான் இருந்தார்கள். எங்கள் வரிசை வீட்டு வண்டி ஒன்று, மெயின் ரோட்டில் வேறொரு பட்டறையில் நின்றதைப் பார்த்தேன்.

செவ்வாய்க்கிழமை செம்பூர் கடைக்குப் பைகளைக் கொண்டுபோக வேண்டியிருந்தது. சயான் தாண்டியதுமே வண்டி ஒரு மாதிரி ஊளையிட ஆரம்பித்தது. பின்னால் புகை. சிக்னலில் நின்றபோது பக்கத்து ஆட்டோக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். எப்படியோ செம்பூர்வரை உருட்டாமல் போய்ச்சேர்ந்து, கண்ணில் பட்ட முதல் பட்டறையில் விட்டேன்.

அந்த மெக்கானிக் மராட்டிக்காரர். வண்டியைச் சுற்றிவந்து இரண்டு இடத்தில் குனிந்து பார்த்தார்.

“காகா, தேல் கிஸ்னே பத்லா?” ஆயில் மாற்றியது யார் என்று கேட்டார்.

“மைனே” என்றேன், நான்தான் என்று.

அவர் சிரிக்கவில்லை. அதுவே பெரிய மரியாதை. கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் குனியவைத்துக் காட்டினார். இடதுபக்கம், பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் இருப்பது கியர் ஆயில் போல்ட். உள்ளே இருப்பதே ஒன்றரை கட்டிங்தான். என்ஜின் ஆயில் போல்ட் வலதுபக்கம், என்ஜினுக்கு அடியில். பன்னிரண்டு வருடமாக எங்கள் வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறது அது.

ஆக, நான் கியரை வறளவிட்டு, ஏற்கனவே நிறைந்திருந்த என்ஜினில் இன்னொரு பாட்டிலை ஊற்றியிருக்கிறேன். மைதீன் பாய் ஊற்றிய ஆயில் ஒரு சொட்டுக்கூடக் குறையாமல் உள்ளேதான் இருந்திருக்கிறது.

அந்த மனிதர் எல்லாவற்றையும் வடித்து, சரியாக ஊற்றிக் கொடுத்தார். வண்டி பழையபடி ஓடியது.

திரும்பி வரும்போது ஒரு எண்ணம் வந்தது. மறைக்காமல் சொல்கிறேன். வண்டி சரியாகிவிட்டது... என் தப்பு தாராவியில் யாருக்கும் தெரியாது. பேசாமல் இருந்துவிட்டால் என்ன? பேசாமல் இருப்பதுதான் எனக்குக் கைவந்த வேலையாயிற்றே.

கல்லி முனையில் திரும்பினேன். மத்தியான நேரம். பெஞ்சு காலி. உள்ளே மைதீன் பாய், ஏற்கனவே துடைத்த ஸ்பேனரை மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார்.

அப்படியே வீட்டுக்குப் போய்விட்டேன். ஆனால் மறுநாள் போகாமல் இருக்க முடியவில்லை. போய் நின்றேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் முதலில் வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, செம்பூரில் போட்ட இரண்டு போல்ட்டையும் ஸ்பேனர் வைத்துப் பார்த்தார்.

“இறுக்கம் சரியாத்தான் இருக்கு” என்றார். பிறகு எழுந்தார். “இத எங்கிட்ட எதுக்கு வே சொல்லுதீரு? நான் ஒழுங்கா ஊத்துனது எனக்குத் தெரியாதா? தெரியாதவங்ககிட்ட போய்ச் சொல்லும்.”

“பத்தியில எழுதிருதேன் பாய்.”

“இந்தக் கல்லியில தமிழ் படிக்கத் தெரிஞ்ச ஆளு எத்தன பேரு? புள்ளைங்க பூரா ஹிந்தி. நீரு எழுதி, அத நான் படிச்சு... விளங்கிரும்.”

அதற்குமேல் அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வீடு போய்ச் சொல்ல முடியுமா? என்னால் ஒரு கதவைக்கூடத் தட்ட முடியாது. ஆட்களைக் கூப்பிடத் தெரியாதவன் என்ன செய்வான்? போகிறவர்களை நிறுத்துவான். அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை, குறுக்கே வண்டி.

“அண்ணாச்சி, வண்டி ரிப்பேரா?”

“ரிப்பேர் இல்ல.”

“அப்ப எதுக்கு நடுவுல நிறுத்திருக்கிய?”

தலையில் இட்லிப் பாத்திரத்தோடு நின்ற மாரியப்பன் சொன்னார்: “எதுவானாலும் சட்டுன்னு சொல்லுங்க. இட்லி ஆறுது.”

செருப்பைப் பார்த்தேன். வாசலில் நின்ற செல்வியைப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை இரவே அவளிடம் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அவளும் குழாயடிக்குத் தலை குனிந்துதான் போய்வந்தாள்.

குனிந்து இடதுபக்க போல்ட்டைத் தொட்டேன். “இது கியருக்கு.” சுற்றிவந்து வலதுபக்க போல்ட்டைத் தொட்டேன். “இது என்ஜினுக்கு. நான்...”

“சத்தமாச் சொல்லுங்க. பின்னால நிக்கறவங்களுக்குக் கேக்கல” என்றாள் செல்வி.

“நான் இதக் கழத்துறதுக்குப் பதிலா அதக் கழத்திட்டேன். பாய் ஊத்துன ஆயில் முழுசா உள்ளதான் இருந்துச்சு. அவரு மேல ஒரு தப்பும் இல்ல. தப்பு பூரா என்மேல.”

மாரியப்பன்தான் முதலில் கேட்டார்.

“ரெண்டு போல்ட் இருக்குன்னே தெரியாதா உங்களுக்கு?”

“சுவர்ப்பக்கம் இருந்துச்சு.”

கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது. அங்கிருந்த இரண்டு மூன்று பேர் குனிந்து தங்கள் வண்டிகளின் சுவர்ப்பக்கத்தை எட்டிப் பார்த்ததை நான் கவனித்தேன். அவர்களுக்கும் தெரியாது!

சத்தம் கேட்டு மைதீன் பாய் வந்துவிட்டார். கையில் இன்னும் ஸ்பேனர்.

“பேசி முடிச்சாச்சா வே? வண்டிய எடும். மனுசங்க போகணும்லா.”

சாவியைத் தேடினேன். அவசரத்தில் கைக்கு அகப்படவில்லை. அவரே ஸ்டாண்டைத் தள்ளி, வண்டியை உருட்டிக்கொண்டு பட்டறைப் பக்கம் போனார். நானும் பின்னால் போனேன். வேறு எங்கே போவது?

மெயின் ரோட்டுப் பட்டறைக்குப் போன வண்டி இந்தப் புதன்கிழமை மைதீன் பாயிடமே திரும்பி வந்துவிட்டது. பெஞ்சிலும் பழைய கூட்டம். அன்று நான் அந்தப் பக்கம் போனதும் ஒருவன் குரல் கொடுத்தான்.

“பாய், அண்ணாச்சி வாராங்க. போல்ட்டெல்லாம் எடுத்து உள்ள வைங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். டீ வந்தது. கிளாஸில் அளவைப் பார்த்தேன்... கட்டிங். பக்கத்தில் இருந்தவன் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான்.

பன்னிரண்டு வருடத்தில் அன்றுதான் அந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். சுவர்ப்பக்கம் இடம் கொடுத்தார்கள், வேண்டாம் என்று கல்லிப்பக்கம் நகர்ந்துகொண்டேன்.