துருப்பிடிக்காத கம்பி

ஹபீபுல்லா பாய்க்கு லியோனார்ட் முப்பது ரூபாய் கடன் பாக்கி வைத்திருந்தான்.

கிட்டார் வாங்கிய கடன். சும்மா கிட்டார் இல்லை, கரண்ட் கிட்டார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து நாலில், ராயபுரத்தில் தொடங்கித் திருவொற்றியூர் வரைக்கும் சல்லடை போட்டுத் தேடினாலும் அப்படி ஒன்று லியோனார்டிடம் மட்டும்தான் இருந்தது. மவுண்ட் ரோடு ஓட்டல்களில் வாசித்த துரைமார்களிடம் இருந்திருக்கலாம். அவர்கள் அப்பன் காசில் வாங்கியவர்கள். அதெல்லாம் கணக்கில் வராது. லியோனார்ட் மூன்றாம் வகுப்போடு பலகையைக் கவிழ்த்துவிட்டுத் துறைமுகத்துக்குள் போனவன். கிரேனுக்கும் வின்ச்சுக்கும் இரும்பு வடம் பின்னுகிற கலாசி. அவன் முனை கோத்த வடத்தில் எத்தனை பாரம் தொங்கினாலும் கீழே நிற்கிறவன் பயமில்லாமல் பீடி பற்றவைப்பான். அந்தக் கையால்தான் கிட்டாரையும் பிடித்தான். எவனும் சொல்லிக் கொடுக்கவில்லை. கோயில் பாட்டைக் காதில் வாங்கி, கம்பியைத் தடவித் தடவித் தானே கற்றுக்கொண்டான்.

கப்பல்காரன் ஒருத்தன் ஊருக்குப் போகிற அவசரத்தில் அந்தக் கிட்டாரை வண்ணாரப்பேட்டையில் பாயின் பழைய சாமான் கடையில் தள்ளிவிட்டுப் போனான். விலை நூற்றைம்பது. சம்பளத்தில் கொஞ்சம், கல்யாணங்களில் வாசித்த காசில் கொஞ்சம் என்று லியோனார்ட் அடைத்துக்கொண்டே வந்தான். கடைசி முப்பதில் வந்து வண்டி நின்றுவிட்டது.

"இன்னா தொர, துட்டு எங்க?" என்றார் பாய், கடை வாசலில் அவன் தலையைக் கண்டதும்.

"எங்க தெரு ஹில்டா கண்ணாலத்துல வாசிக்கிறேன் பாய். கரண்ட் கிட்டாரு இருந்தாத்தான் பேண்டு வேணும்னு பொண்ணு வூட்டுல சொல்லிட்டாங்க. என் பங்கு முப்பது ரூபா. அன்னிக்கே உங்க கையில எண்ணி வெக்கிறேன்."

"அன்னிக்கு வெக்கலேன்னா? அடுத்த வாரம் சாம்பல் புதன். அப்பால ஈஸ்டர் வரிக்கும் உங்காளுங்க கண்ணாலம் கட்ட மாட்டாங்க, ஆட்டம் ஆட மாட்டாங்க, கறி கூட துன்ன மாட்டாங்க. உனக்கு வேலையில்ல, எனக்குத் துட்டில்ல. எண்ணூர்க்காரன் ஒருத்தன் இருநூறு தரேன்னு சொல்லிக்கினு கீறான். அன்னிக்குத் துட்டு வரலேன்னா கிட்டாரு என் கடைக்கு வந்துடணும்."

"இதுவரிக்கும் குடுத்த துட்டு?"

"அது வாசிச்சதுக்கு வாடகை."

பாய் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் சிரித்துக்கொண்டே சொன்னதைச் செய்கிற ஆள் அவர்.

அன்று லியோனார்ட் அங்கே போனது கம்பிக்காக. ராயபுரத்துக் காற்று ஜன்னல் கம்பியையே அரித்துத் தின்கிற உப்புக் காற்று, கிட்டார்க் கம்பியை விட்டுவைக்குமா? மேலே தடித்த நாலும் சிவந்து சொரசொரத்துப் போயிருந்தன. வாசித்தால் விரலில் துரு ஒட்டியது, நாதம் மந்தமாக வந்தது. மெல்லிய இரண்டும் போன மாதம் மாற்றிய எஃகு, தேறும். பாயிடம் கப்பல்காரன் விட்டுப்போன புதுக் கம்பி ஒரு கட்டு, மெழுகுக் காகிதத்தில் சுற்றியபடியே இருந்தது. விலை ஐந்து ரூபாய் என்றார்.

லியோனார்ட் பிரித்துப் பார்த்தான். வெள்ளையாக மின்னியது. உதட்டைப் பிதுக்கினான்.

"எஃகு பாய் இது. ரெண்டே மாசத்துல துரு ஏறிடும். உப்புத் தண்ணிக்கிட்ட இரும்பு நிக்காது, பித்தளைதான் நிக்கும். கப்பல்ல வந்து பாருங்க, எதெதுல பித்தளை போட்டுக்கீறான்னு. கம்பியப் பத்தி என்கிட்ட பேசாதீங்க."

"அப்போ கப்பல்லயே போயி வாசி," என்று பாய் கட்டை மடித்து உள்ளே வைத்துவிட்டார்.

லியோனார்ட் நேராகத் தங்கசாலைக்கு நடந்தான். வீணைக்கும் தம்புராவுக்கும் தந்தி விற்கிற கடை ஒன்று அங்கே உண்டு. நாலு தடிமனில் பித்தளைத் தந்தி, இரண்டு ரூபாய்க்குத் தீர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் பழைய கம்பிகளைக் கழற்றி, புதியதை ஏற்றினான். முறுக்காணியில் சுற்று ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், வின்ச்சு உருளையில் வடம் படிவது மாதிரி வரிசையாகப் படியவைத்தான். அவன் பெண்சாதி பிலோமி எட்டிப் பார்த்தாள்.

"தங்கமாட்டம் கீதுய்யா! கழுத்துல போட்டுக்கலாம்போல."

"உன் பேரன் காலம் வரிக்கும் துரு புடிக்காது," என்றான் லியோனார்ட்.

வாசித்துப் பார்த்தான். கணீரென்று இருந்தது. அவர்கள் வீட்டில் கரண்ட் கிடையாது. கிட்டாரின் சத்தத்தைப் பெரிதாக்குகிற பெட்டியோ வாடகைப் பெட்டி; கல்யாணத்தன்று மட்டும் வரும். வெறும் கையால் வாசித்துக் கேட்டதோடு சரி. யார் கண்டார்கள்?

கல்யாணத்தன்று மத்தியானமே மாதா கோயிலை ஒட்டிய கூடத்துக்கு எல்லாரும் வந்துவிட்டார்கள். பேண்டுக்குத் தலைவன் அம்புரோஸ். ரயில்வே பட்டறையில் வேலை, மாலையில் கிளாரினெட். சத்தப் பெட்டியின் வால்வு சூடேறியதும் லியோனார்ட் ஒயரைச் சொருகிக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டினான்.

மெல்லிய இரண்டும் கூடமே அதிர வீறிட்டன. பித்தளை நாலும் ஊமை. காதைக் கிட்டாரில் வைத்தால் முனகுகிறது. பெட்டியில் ஒன்றுமே இல்லை.

"பொட்டி அவுட்டு," என்றான் அம்புரோஸ்.

"யோவ், பொட்டி அவுட்டுன்னா அந்த ரெண்டு மட்டும் எப்பிடிக் கத்தும்?" என்று பெட்டிக்காரன் பாய்ந்தான்.

ஒயரை மாற்றினார்கள். சொருகிச் சொருகிப் பார்த்தார்கள். நாலும் வாய் திறக்கவில்லை. கிட்டார் இல்லாவிட்டால் பெண் வீட்டார் முப்பது ரூபாய் தரமாட்டார்கள். முப்பது இல்லாவிட்டால் கிட்டாரே இல்லை. எண்ணூர்க்காரன் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது கண்ணிலேயே தெரிந்தது.

"மச்சான், நீ பாட்டுக்கு சும்மா கையை ஆட்டிக்கினு நில்லு. நான் சத்தமா ஊதிக்கிறேன்," என்றான் அம்புரோஸ்.

"உன் கிளாரினெட்ட புடுங்கிக் கடல்ல போட்டுடுவேன்."

பிலோமி பக்கத்தில் உட்கார்ந்து அம்புரோஸின் கோட்டுக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தாள். புருஷன் முகம் செத்துப் போனதைப் பார்த்து, தையலை விட்டுக் கிட்டார்மேல் குனிந்தாள். கையில் இருந்த ஊசி நழுவி விழுந்தது. விழுந்த ஊசி உருளவில்லை. கம்பிகளுக்கு அடியில் பதித்திருந்த கறுப்புப் பட்டையில் டக்கென்று போய் ஒட்டிக்கொண்டது.

"தோ பாருய்யா, ஊசி வரமாட்டேங்குது," என்று அவள் நகத்தால் நெம்பினாள்.

லியோனார்ட் ஊசியைப் பார்த்தான். பித்தளைக் கம்பியைப் பார்த்தான். பிறகு தன் நெற்றியில் தானே ஓங்கி அறைந்துகொண்டான்.

"காந்தம்! உள்ள காந்தம் கீது! இரும்பு ஆடினாத்தான் அதுக்குத் தெரியும். பித்தளை எங்க ஆடினா அதுக்கின்னா? கப்பல்ல திசை காட்டுற முள்ளுக்குப் பித்தளைப் பொட்டி போடுறது ஏன்? காந்தத்துக்குப் பித்தளை கண்ணுக்கே தெரியாது, அதான்! தெனம் பாக்குறேனே, புத்தி எங்க போச்சு எனக்கு?"

"அத்த வண்ணாரப்பேட்டையில வுட்டுட்டு வந்துட்டே. அஞ்சு ரூபா கட்டுக்குள்ள," என்றாள் பிலோமி.

அம்புரோஸின் சைக்கிளை எடுத்துக்கொண்டு லியோனார்ட் பறந்தான். பாய் கடையில்தான் இருந்தார். இவன் மூச்சிரைப்பதைப் பார்த்து, "இன்னா, துட்டு அதுக்குள்ள வந்துடுச்சா?" என்றார்.

"அந்தக் கட்டு, பாய். வெள்ளக் கம்பி."

"துரு புடிக்குமே?"

"புடிக்கட்டும்."

"கம்பியப் பத்தி உன்கிட்ட பேசக்கூடாதே?"

"பேசுங்க பாய், எவ்ளோ வேணுமோ பேசுங்க. கட்டக் குடுத்துட்டுப் பேசுங்க."

பாய் விழுந்து விழுந்து சிரித்தார். கட்டை எடுத்தார், ஆனால் இவன் கையில் கொடுக்கவில்லை. கடையை இழுத்துப் பூட்டி, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, கட்டை மார்போடு அணைத்தபடி சைக்கிளின் பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டார். "முப்பதும் அஞ்சும் முப்பத்தஞ்சு. போ. பள்ளம் பாத்து வுடு."

திரும்பி வந்தபோது விருந்தாளிகள் வரத் தொடங்கியிருந்தார்கள். லியோனார்ட் மேடைக்குப் பின்னால் உட்கார்ந்தான். சுருதி சீக்கிரம் நிற்கட்டும் என்று நாலையும் ஒரேயடியாக அவிழ்க்கவில்லை. ஒரு பித்தளையைத் தளர்த்தி எடுப்பான், ஒரு எஃகை ஏற்றுவான், பிறகுதான் அடுத்தது. புதுக் கம்பி இறங்கிக்கொண்டே இருக்கும், வாசிக்கிற நடுவில் சுருதி கவிழும் என்று அம்புரோஸ் கவலைப்பட்டான். புது வடம் முதல் பாரத்தில் நீளும் என்பது லியோனார்ட் அறியாததா? ஏற்றிய கம்பியை விரலால் தூக்கி நன்றாக இழுத்தான், சுருதி சேர்த்தான், மறுபடி இழுத்தான். இனி நீள மாட்டேன் என்று கம்பி ஒப்புக்கொள்ளும்வரை விடவில்லை.

ஒயரைச் சொருகினான். தடித்த கம்பியைத் தட்டினான்.

கூடத்தின் மறுகோடியில் கேக்குக்கு ஈ ஓட்டிக்கொண்டிருந்த கிழவர் திடுக்கிட்டுத் திரும்பினார். ஆறு கம்பியும் பேசின. பிலோமி கையெடுத்துச் சிலுவை போட்டாள். பெட்டிக்காரன், "இப்ப சொல்லு, யாரு அவுட்டு?" என்று அம்புரோஸைக் கேட்டான்.

அன்று அவன் வாசித்ததை ராயபுரத்தில் கேட்டவர்கள் மறக்கவில்லை. ஹில்டாவும் மாப்பிள்ளையும் ஆடினார்கள். மாமியார்கள் ஆடினார்கள். பாய் ஆடவில்லை, ஆனால் சுவரோரம் நின்ற அவரது செருப்பு தாளம் போட்டதைப் பிலோமி பார்த்தாள்.

கேக் வெட்டியதும் பேண்டுக்காரர்களுக்குக் காசு கொடுத்துவிடுவது வழக்கம். அம்புரோஸ் பங்கு பிரித்தான். லியோனார்ட் முப்பதையும் வாங்கிக்கொண்டு பாயிடம் வந்தான். பாய் கையை விரித்தார். பத்து, இருபது, முப்பது என்று நோட்டுகள் விழுந்தன. கை மூடவில்லை.

"கம்பி?" என்றார்.

லியோனார்ட் சட்டைப்பையைத் தடவினான். வெறும் பை. பிலோமி அவனை ஒதுக்கிவிட்டு முன்னால் வந்து, முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.

"கம்பி என்னுது பாய். இனிமே இந்தாளு வாசிக்கணும்னா என்கிட்ட கேட்டுட்டு வாசிக்கட்டும்," என்று சொல்லி, அந்த விரித்த கையில் ஒவ்வொரு ரூபாயாக, ஐந்தையும் எண்ணி வைத்தாள்.