தரை வாட்டமும் தம்பியின் ஏரோப்ளேனும்

எழுத உட்கார்ந்தால் கை கூசுகிறது. அஞ்சாம் வகுப்போடு நின்றவள் நான். அந்த அஞ்சாம் வகுப்பிலும் பாதி நாள் வயலுக்கு நாற்று முடி தூக்கத்தான் போனேன். எங்கே புள்ளி வைப்பது, எங்கே ஒற்று போடுவது என்பதெல்லாம் குத்துமதிப்புதான். நடந்ததை முன்பின்னாகச் சொல்லிவிடுவேன், பாதி மறந்தும் போயிருக்கும். கோவித்துக்கொள்ளாமல் படியுங்கள்.

என் தம்பிக்கு அறுபத்து மூன்று வயது. வடக்கே ஏரோப்ளேன் மெக்கானிக்காக வேலை பார்த்து ரிட்டையர் ஆனவன். ரிட்டையர் ஆனால் மற்றவர்கள் தென்னங்கன்று வைப்பார்கள், இல்லாவிட்டால் கோயில் கமிட்டியில் சேருவார்கள். இவன் ஏரோப்ளேன் ஓட்டக் கற்றுக்கொண்டு லைசென்ஸ் வாங்கினான். பெண்டாட்டி போன பிறகு என் வீட்டோடு வந்துவிட்டான். என் வீட்டுக்காரரும் போய்விட்டதால் வீட்டில் நாங்கள் ரெண்டு பேர்தான்.

ஒரத்தநாட்டுக்குத் தெற்கே ஒரு முதலாளி இருக்கிறார். அரிசி ஆலை வைத்திருப்பவர். தன் தென்னந்தோப்பை ஒட்டி கப்பிக்கல் போட்டு, அனுமதியெல்லாம் வாங்கி, ஏரோப்ளேன் ஓடுவதற்குப் பாதை போட்டிருக்கிறார். ரெண்டு பேர் மட்டும் உட்காரும் ஏரோப்ளேன். றெக்கை துணியால் ஆனது. நான் தட்டிப் பார்த்தேன், குடைத்துணி மாதிரிதான் இருந்தது. அதைப் பார்த்துக்கொள்வதும் ஓட்டுவதும் தம்பியின் வேலை.

முதலாளி வாங்கினாரே தவிர ஒரு தடவைகூட ஏறவில்லை. அவர் வீட்டில் அதை விற்றுத் தொலைக்கச் சொல்லி தினமும் பேச்சு. கடைசியில் போன மார்கழியில் ஒரு வியாழக்கிழமையைக் குறித்தார். அன்று காலையில் தான் ஏறிப் பார்ப்பதாகவும், மனசுக்குப் பிடித்தால் வைத்துக்கொள்வதாகவும், பிடிக்காவிட்டால் கொடுத்துவிடுவதாகவும் சொல்லிவிட்டார். கொடுத்துவிட்டால் தம்பி தரையோடு தரைதான். அறுபத்து மூன்று வயதுக்காரனை நம்பி வேறு யார் ஏரோப்ளேன் தரப்போகிறார்கள். அந்த வாரம் முழுக்க அவன் தட்டில் போட்ட இட்லியை எண்ணாமல் சாப்பிட்டான். கவலை வந்தால் அவனுக்கு அப்படி.

இதில் என் போன் எப்படி வந்தது என்றால், ஏரோப்ளேனுக்குள் வட்ட வட்டமாக முள் வைத்த கருவிகள் இருக்கின்றன. அதில் ஒன்று றெக்கை எந்தப் பக்கம் சாய்கிறது என்று காட்டும். அது கெட்டுப்போய் பெங்களூருக்கு ரிப்பேருக்குப் போயிருந்தது. அது வருகிற வரைக்கும் போனிலேயே அதே மாதிரி ஒரு ஆப் இருக்கிறது, அதை வைத்து ஓட்டிக்கொள்ளலாம் என்றான் தம்பி. அவன் போனில் சாய்வைக் கண்டுபிடிக்கிற சாமான் உள்ளே இல்லையாம். என் மகள் எனக்கு அனுப்பின போனில் இருந்ததாம். நான் அதில் காலைப் பூசை கேட்பதோடு சரி. அதற்குள் இவ்வளவு இருக்கிறது என்று எனக்கும் தெரியாது, போனுக்கும் தெரிந்திருக்காது.

ஆப்பைத் திறந்தால் மேலே நீலம், கீழே மண் நிறம், நடுவில் ஒரு கோடு. நீலம் வானம், மண் தரை. றெக்கை சாய்ந்தால் கோடும் சாயும், ஏரோப்ளேன் சாய்ந்த பக்கமே திரும்பும் என்றான் தம்பி. ஜன்னல் வழியாகப் பார்த்தாலே வானம் எது தரை எது என்று தெரியாதா என்று கேட்டேன். பனிக்குள் போய்விட்டால் தெரியாது, உடம்பு நேராக இருப்பதாகவே சொல்லும், அதை நம்பினவன் போய்ச் சேர்ந்துவிடுவான் என்றான். அந்தச் சமயத்தில் உயிர் அந்தக் கோட்டில்தான் இருக்கிறது என்றும் சொன்னான். அதைச் சொல்லிவிட்டு இன்னொரு இட்லி வைத்துக்கொண்டான்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் போனை ஒரு ஸ்டாண்டில் மாட்டினான். அதை மட்டமான இடத்தில் நிறுத்தி, திரையில் ஒரு பொத்தானை அமுக்க வேண்டும். அப்போதுதான் எது நேர் என்று போன் தெரிந்துகொள்ளும். அவன் கையெல்லாம் கிரீஸ்.

"அக்கா, மட்டமா இருக்கிற இடமாப் பாத்து வெச்சு இதை ஒரு அமுக்கு அமுக்கு."

நான் நடுக்கூடத்தில் வைத்து அமுக்கினேன். எங்கள் வீட்டில் அதைவிட நல்ல இடம் இல்லை. சிவப்புத் தரை, முகம் தெரியும். போன் சரி என்று ஒரு சத்தம் கொடுத்தது. அவன் அதை அப்படியே ஸ்டாண்டோடு கொண்டுபோய் ஏரோப்ளேனில் மாட்டினான்.

புதன்கிழமை காலையில் தனியாக ஒரு தடவை பறந்து பார்த்தான். திரும்பி வந்தவன் முகம் சரியில்லை. காப்பி குடித்துக்கொண்டே சொன்னான். நேர் மேற்கே போயிருக்கிறான், அதாவது சூரியன் முதுகுப் பக்கம். நடுவில் ஒரு பனிப்படலம். கோட்டை மட்டும் பார்த்து ஓட்டியிருக்கிறான், கோடு அசையவே இல்லையாம். ரெண்டு மூன்று நிமிஷத்தில் பனி விலகினால் சூரியன் இடது தோளுக்கு வந்து நிற்கிறது.

சூரியன் ஏன் நகர்ந்தது என்று கேட்டேன்.

"சூரியன் நகரலைக்கா. காத்து தள்ளியிருக்கும்."

திசை காட்டும் உருண்டை ஒன்று இருக்கிறதாம், அது எப்போதும் ஆடிக்கொண்டே இருப்பதால் அதையும் அவன் பொருட்படுத்தவில்லை. இதை யாரிடமும் சொல்லிக்கொண்டிருக்காதே என்றான். நான் யாரிடம் சொல்லப்போகிறேன். பால்காரரிடமே எவ்வளவு பால் என்று கையால் காட்டுகிறவள் நான்.

வியாழக்கிழமை விடிவதற்குள் அவன் கிளம்பிப் போய்விட்டான். நான் வீடு கழுவினேன். வாளித் தண்ணீரை நடுக்கூடத்தில் கொட்டினேன். தண்ணீர் யாரும் சொல்லாமலே கொல்லைக் கதவைப் பார்த்து ஓடியது.

துடைப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

அந்த வாட்டம், அதாவது தரையின் சாய்வு, நான் சண்டை போட்டு வாங்கினது. வீடு கட்டும்போது கொத்தனார் பத்தடிக்கு ஒரு இஞ்சு போதும் என்றார். போதாது, நாலு இஞ்சு கொடுங்கள், ஊத்தின தண்ணி தானாகக் கொல்லைக்குப் போக வேண்டும், குனிந்து தள்ள என் இடுப்பில் வலு இல்லை என்றேன். என் வாழ்நாளில் நான் ஜெயித்த சண்டை அது ஒன்றுதான். எங்கள் கூடத்தில் லட்டைத் தவறவிட்டால் அது கொல்லைக் கதவண்டைதான் கிடைக்கும். வருகிறவர்களுக்கு அது விநோதம். அதிலேயே நடந்து பழகின எனக்கு அதுதான் மட்டம். தம்பிக்கும் அந்த வீடு பழகிவிட்டது.

நான் ஸ்டாண்டை வைத்தபோது அதன் இடது பக்கம் கொல்லையைப் பார்த்து இருந்தது. அப்படியானால் என் வீட்டுக் கொல்லைப் பக்கம் சாய்வதுதான் நேர் என்று அந்தப் போன் நினைத்துக்கொண்டிருக்கிறது. பனிக்குள் கோட்டை நேராக வைத்தால் ஏரோப்ளேன் இடது பக்கம் சாய்ந்து, சாய்ந்த பக்கமே திரும்பிக்கொண்டு போகும். நேற்று மேற்கே போனவன் அப்படித்தான் தெற்கே திரும்பியிருப்பான். வெளியே எட்டிப் பார்த்தேன். எதிர்வீட்டு முருங்கைமரம் தெரியவில்லை. அவ்வளவு பனி.

தம்பிக்குப் போன் போடலாம் என்றால் என் போன் ஏரோப்ளேனில் இருக்கிறது. அவன் நம்பரும் அதற்குள்தான் இருக்கிறது. ஈரப் புடவையோடு மினி பஸ் ஏறினேன். அது வழியில் கை காட்டினவர்களுக்கெல்லாம் நின்றது. ஒரு அம்மா கோழியோடு ஏறினார், கோழிக்கு இடம் பிடித்து உட்கார வைக்கிற வரைக்கும் பஸ் நகரவில்லை. நான் ஜெபமாலையில் எந்தக் காரணிக்கத்தில், அதாவது எந்தப் பத்து மணியில், இருக்கிறேன் என்பதையே விட்டுவிட்டேன்.

வழியெல்லாம் இன்னொரு யோசனையும் இருந்தது. முதலாளி முன்னால் போய் இதைச் சொன்னால் தம்பிக்கு இன்றோடு சரி. அவரே கொடுத்துவிட ஒரு சாக்கு தேடிக்கொண்டிருக்கிறார். சொல்லாவிட்டால் ரெண்டு பேரும் அந்தக் கோட்டை நம்பிப் பனிக்குள் போவார்கள். தம்பியைத் தனியாகக் கூப்பிட்டுக் காதில் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்துகொண்டேன்.

போனபோது ஏரோப்ளேன் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. முன்னால் உள்ள விசிறி அடிக்கிற காற்றில் கிட்டே போக முடியவில்லை. ரெண்டு பேரும் உள்ளே உட்கார்ந்து காதை மூடும் ஹெட்போன் மாட்டிக்கொண்டிருந்தார்கள். காதில் சொல்கிற திட்டம் அதோடு போயிற்று. நான் பாதையின் நடுவில் போய் நின்றுகொண்டேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

தம்பி இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்கி வந்தான். பின்னாலேயே முதலாளியும் வந்தார். அவரோடு நான் அதுவரை ஒரு வார்த்தை பேசினதில்லை. தலையைக் குனிந்துகொண்டே, கூடத்துத் தரை நாலு இஞ்சு வாட்டம் என்று சொன்னேன்.

"அக்கா, ஏரோப்ளேன் என்ன மாட்டுக்கொட்டகையா, வாட்டம் பாக்க. வீட்டுக்குப் போ."

"நீதானே அமுக்கச் சொன்னே. நான் கூடத்துல வெச்சு அமுக்கினேன். நேத்து உனக்கு சூரியன் இடம் மாறினது அதனாலதான்."

சொன்ன பிறகுதான் அதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று ஞாபகம் வந்தது. தம்பி என்னைப் பார்த்த பார்வையை எழுதத் தெரியவில்லை. அவன் மெக்கானிக். கணக்கு அவனுக்குப் புரிந்துவிட்டது.

முதலாளி திரும்பிப் போய் உள்ளே இருந்த போனைக் குனிந்து பார்த்தார். பிறகு என்னிடம், "இப்ப எது நேர்னு எப்படிம்மா பாக்கிறது?" என்று கேட்டார்.

பக்கத்தில் ஏரோப்ளேன் நிறுத்த ஷெட் கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே கொத்தனார் இருந்தார். கொத்தனார் இருந்தால் டியூப் இருக்கும். கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற நீளமான பிளாஸ்டிக் டியூபில் தண்ணீரை நிரப்பி ரெண்டு முனையையும் ரெண்டு இடத்தில் பிடித்தால், தண்ணீர் எந்த உயரத்தில் நிற்கிறதோ அதுதான் மட்டம். அஸ்திவாரத்துக்கு அப்படித்தான் பார்ப்பார்கள். அதைப் பிடித்துப் பார்க்கலாமே என்றேன்.

கொத்தனார் ஒரு றெக்கை முனையில் ஒரு பக்கத்தைப் பிடித்தார், மறு முனையில் தம்பி பிடித்தான். றெக்கை ஒரு பக்கம் தாழ்ந்திருந்தது. மழைத்தண்ணி வடிவதற்காக ஓடுபாதைக்கும் கொஞ்சம் வாட்டம் கொடுத்திருக்கிறார்கள். கொத்தனார் அந்தப் பக்கத்துச் சக்கரத்துக்குக் கீழே ஒரு பலகை கொடுத்து, இன்னொரு பலகை கொடுத்து, ரெண்டு முனையிலும் தண்ணீர் சமமாக வருகிற வரைக்கும் ஏற்றினார். ஏரோப்ளேன் என்று அவர் தனி மரியாதை ஒன்றும் காட்டவில்லை. மேஸ்திரி பார்வையிலேயே பார்த்துவிட்டு, "இப்ப மட்டம்" என்றார்.

எல்லோரும் எட்டிப் பார்த்தோம். ஏரோப்ளேன் மட்டமாக நின்றது. போன் மட்டும் அது வலது பக்கம் சாய்ந்திருப்பதாகக் காட்டியது, எங்கள் கொல்லைக்கு நேர் எதிர்ப்பக்கம்.

முதலாளி தம்பியைப் பார்த்து, "நேத்து இது தப்புன்னு தோணுச்சா?" என்று கேட்டார்.

தம்பி டியூபைக் கீழே வைத்தான். தண்ணீர் வழிந்து அவன் ஷூவில் கொட்டியது.

"தோணுச்சு சார். காத்துன்னு நினைச்சுக்கிட்டேன். இன்னைக்கு நீங்க வர்றதா இருந்துச்சு, அதனால அப்படி நினைச்சுக்கிட்டேன்."

முதலாளி தலையை மட்டும் ஆட்டினார். அன்று பறக்கவில்லை. காரில் ஏறிப் போய்விட்டார், நாளைக்கு வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. பனி பத்து மணிக்குத்தான் விலகியது.

அதற்குப் பிறகு வீட்டில் மூன்று நாள் பேச்சில்லை. தம்பி சாப்பிட்டான், தட்டைக் கழுவி வைத்தான், படுத்தான். ஓடுபாதைப் பக்கம் போகவில்லை. நானும் சமாதானம் சொல்லப் போகவில்லை. என்ன சொல்வது. தப்பாக அமுக்கினதும் நான், அதைப் போட்டுக்கொடுத்ததும் நான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தபோது வாசலில் முதலாளியின் கார் நின்றது. உள்ளே வந்து நடுக்கூடத்தில் செருப்பில்லாமல் நாலு தடவை குறுக்கும் நெடுக்கும் நடந்து பார்த்தார். உட்கார்ந்து காப்பி குடித்தார். பிறகு தம்பியிடம், பெங்களூரிலிருந்து அந்தக் கருவி வருகிற வரைக்கும் பாதை முனையிலிருந்து கடைசித் தென்னை கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் பறக்கலாம், போனைக் கழற்றிவிட வேண்டும் என்றார். அப்படியானால் விற்கவில்லையா என்று தம்பி கேட்டான்.

"காத்துன்னு என்கிட்டயும் சொல்லியிருந்தீங்கன்னா அன்னைக்கே வித்திருப்பேங்க."

அவர் போன பிறகு தம்பி என் போனை ஸ்டாண்டிலிருந்து கழற்றிக் கொண்டுவந்து கொடுத்தான்.

"நீ வந்து சொல்லியிருக்க வேண்டாம்னு ரெண்டு நாள் நினைச்சேன்" என்றான்.

"மூணாவது நாள்?"

"மூணாவது நாள் அந்தப் பனிக்குள்ள அவரையும் உக்கார வெச்சுக்கிட்டு போற மாதிரி நினைச்சுப் பாத்தேன். அதுக்கப்புறம் ஒண்ணும் நினைக்கலை."

அடுத்த வாரம் வெயில் வந்தபிறகு முதலாளியை ஏற்றிக்கொண்டு பறந்தான். முதலாளிக்குக் கொஞ்சம் வாந்தி வந்ததாம். ஆனாலும் வைத்துக்கொண்டார்.

நடந்தது இவ்வளவுதான். பொத்தானை அமுக்கினது செவ்வாயா திங்களா என்பதில் எனக்கு இப்போது சந்தேகம் வருகிறது. சாய்ந்த பக்கமே திரும்பும் என்று தம்பி சொன்னதை நான் சரியாக வாங்கிக்கொண்டேனா என்பதும் தெரியவில்லை. ஏரோப்ளேன் தெரிந்தவர்கள் யாராவது இடது எது வலது எது என்று ஒரு தடவை சரிபார்த்து, தப்பு இருந்தால் திருத்திக் கொடுத்தால் புண்ணியமாக இருக்கும். கொத்தனார் வேலை பற்றி எழுதினதில் தப்பு இருக்காது, அதைத் திருத்த வேண்டாம்.