இல்லாத ஆஸ்துமாவுக்கு வந்த ஊசி

ஸ்ரீரங்கத்தில் ராஜகோபுரத்துக்குச் சாரம் கட்டி வேலை நடந்துகொண்டிருந்த சமயம், எண்பதுகளின் தொடக்கம். என் கணவருக்குத் திருச்சியில் ஒரு பெரிய தொழிற்சாலையில் வேலை. குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். எனக்கு இருபத்தெட்டு வயது, இரண்டு குழந்தைகள், எடை எண்பத்திரண்டு கிலோ. இந்தக் கடைசி விவரத்தை அப்போது யாரிடமும் சொன்னதில்லை. இப்போது எழுதும்போதும் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

என் அம்மா வீடு ஸ்ரீரங்கத்தில். தங்கையின் நிச்சயதார்த்தத்துக்குப் போயிருந்தபோது, மாப்பிள்ளையின் அத்தை என் வயிற்றை வாஞ்சையோடு பார்த்து, "எத்தனை மாசம்மா?" என்று கேட்டார். நான் மாசமாக இல்லை. "அஞ்சு" என்று சொல்லிவிட்டேன். உண்மையைச் சொல்வதைவிட அந்த நிமிஷத்தில் அதுதான் சுலபமாக இருந்தது. கல்யாணம் ஆறு மாதம் கழித்து. அதற்குள் எனக்குக் குழந்தை பிறந்திருக்க வேண்டும், அல்லது வயிறாவது குறைந்திருக்க வேண்டும். அன்று இரவு முழுக்க இதே நினைப்பு.

முதலில் தொழிற்சாலை ஆஸ்பத்திரிக்குத்தான் போனேன். அங்கே ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு மருத்துவப் புத்தகம் உண்டு. வியாதியும் மருந்தும் அதில்தான் எழுதுவார்கள். அங்கே கிடைக்காத மருந்தை வெளிக்கடையில் வாங்கிப் பில் கொடுத்தால் கம்பெனி பணம் தந்துவிடும். இளைக்க மாத்திரை வேண்டும் என்று கேட்டேன். பெரிய டாக்டர் புத்தகத்தைத் திறக்கக்கூட இல்லை. "குண்டா இருக்கறது வியாதி இல்லேம்மா. கம்பெனி இதுக்கெல்லாம் மருந்து தராது. சாதத்தைக் குறைச்சு நடங்க" என்றார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் காதில் விழும்படிதான் சொன்னார்.

ஆத்திரத்தோடு புத்தூர் பக்கம் ஒரு தனியார் டாக்டரிடம் போனேன். அவர் பசியை அடக்கும் மாத்திரை எழுதிக் கொடுத்தார். காலையில் ஒன்றுதான், படபடப்பு வந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னார். மருந்துக்கடையில் விலை கேட்டதும் வாங்காமல் திரும்பிப் போகப் பார்த்தேன். கடைக்காரர்தான் வழி சொன்னார்.

"உங்க ஆஸ்பத்திரி புத்தகத்துல ஆஸ்துமான்னு எழுதி வாங்கிட்டு வாங்கக்கா. பில்லு ஆஸ்துமா மாத்திரைக்கு, மாத்திரை உங்களுக்கு வேண்டியது. உங்க குவார்ட்டர்ஸ்ல பாதிப் பேரு இப்படித்தான் சோப்பும் பவுடரும் வாங்குறாங்க."

அவர் சொன்னது பொய்யில்லை. எங்கள் தெருவில் இருமல் மருந்து பில்லில் முகப் பவுடர் வந்த வீடுகள் எனக்கே தெரியும். யாரும் அதைத் திருட்டு என்று நினைத்ததில்லை. நானும் நினைக்கவில்லை. அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்குப் போய், என் சித்தப்பாவின் ஆஸ்துமாவை அப்படியே ஒப்பித்தேன். விடியற்காலையில் இழுக்கிறது, படுக்க முடியவில்லை, பகலில் ஒன்றும் தெரிவதில்லை என்றேன். டாக்டருக்கு என் நெஞ்சில் இழுப்பு ஒன்றும் கேட்கவில்லை. பகலில் தெரியாது என்று நான் சொல்லியிருந்ததால், என்னை நம்பி வெளிக்கடையில் வாங்க எழுதிக் கொடுத்தார்.

நம்பிய இன்னொருவர் என் கணவர். அவரிடமும் உண்மையைச் சொல்லவில்லை; விடியற்காலையில் கொஞ்சம் இழுத்தும் காட்டினேன். சொன்னால் விட மாட்டார், அப்படி ஒரு மனிதர். மாதாமாதம் பில்லில் கையெழுத்துப் போட்டு ஆபீஸில் கொடுத்தார். அதோடு நிற்கவில்லை. முதல் ஷிப்டுக்கு ஐந்து மணிக்கே கிளம்பவேண்டிய நாட்களிலும், எழுந்து எனக்கு ஒரு அண்டா வெந்நீர் போட்டு வைத்துவிட்டுத்தான் போவார். பச்சைத் தண்ணீரில் கை வைத்தால் எனக்கு இழுக்குமாம். மனசு குத்தியது. ஆனால் பாவாடை நாடா வாரத்துக்கு வாரம் தளர்ந்துகொண்டே வந்ததே, அதை எப்படி விடுவது?

ஐந்து மாதத்தில் ஏழு கிலோ குறைந்தது. தூக்கம் போயிற்று, நாக்கு வறண்டது, குழந்தைகளிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன். கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, பட்டுப் புடவைக்குத் தைத்த ரவிக்கையைப் போட்டுப் பார்த்தேன். கொக்கி இரண்டு விரல்கடை எட்டவில்லை. காலையில் ஒரு மாத்திரை போட்டாயிற்று. இன்னொன்று போட்டேன். பத்து மணிக்கு மூன்றாவதையும் போட்டேன். காப்பியைத் தவிர வயிற்றில் ஒன்றும் இல்லை.

பதினோரு மணிக்குத் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். இதயம் தொண்டைக்கு வந்து அடிக்க ஆரம்பித்தது. கை நடுங்கியதில் சோப்பு நழுவியது. மூச்சு மேலே மேலே வாங்கியதே தவிர உள்ளே போகவில்லை. செத்துப்போகப் போகிறேன் என்று நினைத்தேன். சின்னவன் தொட்டிலில் தூங்குகிறானே என்றும் நினைத்தேன். அன்று என் கணவருக்கு இரண்டாம் ஷிப்டு, வீட்டில் இருந்தார். குழந்தைகளைப் பக்கத்து வீட்டில் விட்டு, அவர்கள் ஸ்கூட்டரிலேயே என்னை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு விரைந்தார். அந்த அவசரத்திலும் மருத்துவப் புத்தகத்தை மறக்காமல் சட்டைக்குள் செருகிக்கொண்டார்.

அவசரப் பிரிவில் இருந்தவர் இளவயது டாக்டர், எங்களை முன்பின் பார்க்காதவர். புத்தகத்தைப் புரட்டினார். எல்லாப் பக்கத்திலும் ஆஸ்துமா, ஆஸ்துமா. நெஞ்சில் கருவியை வைத்துக் கேட்டவர் முகம் மாறியது; இழுப்புச் சத்தம்கூட வராதபடி மூச்சுக்குழாய் அடைத்துவிட்டது என்று நினைத்தாராம். "எத்தனை நாளா இருக்கு?" என்று கேட்டார். எனக்குப் பேச்சு வரவில்லை.

"அஞ்சு மாசமா சார். தினம் விடியக்காலையில கஷ்டப்படுவா. வெந்நீர்லதான் குளிப்பா, தயிர்கூட நிறுத்திட்டோம் சார்" என்றார் என் கணவர்.

டாக்டர் நர்ஸிடம் ஊசியின் பேரைச் சொன்னார். நர்ஸ் நடுத்தர வயதுக்காரர், கழுத்துச் சங்கிலியில் சின்னச் சிலுவை. என் இடது கையில் ஸ்பிரிட் பஞ்சால் சில்லென்று துடைத்துக்கொண்டே ஆறுதலாகச் சொன்னார். "பயப்படாதீங்கம்மா. இது போட்டா மூச்சுக்குழாய் விரிஞ்சு கொடுக்கும். நெஞ்சு மட்டும் கொஞ்ச நேரம் வேகமா அடிச்சுக்கும், அவ்வளவுதான்."

நெஞ்சு வேகமா அடிக்கும். ஏற்கெனவே அடித்துக்கொண்டிருந்த அடிக்கு மேல் இன்னும் அடித்தால் அது நின்றுவிடும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. புத்தூர் டாக்டர் இரண்டு தடவை சொன்னது அப்போதுதான் காதில் விழுந்தது. வாயைத் திறந்தால் உயிர் பிழைக்கலாம். ஆனால் திறந்தால் பொய்ப் பில்லில் கையெழுத்துப் போட்டவர் என் பக்கத்திலேயே நிற்கிறார். அவர் வேலை போய்விடும். குவார்ட்டர்ஸ் போய்விடும். இதை வெட்கத்தை விட்டு ஒப்புக்கொள்கிறேன், ஊசி கைக்கு ஒரு சாண் தூரத்தில் வரும்வரை நான் யோசித்துக்கொண்டுதான் இருந்தேன்.

பிறகு நர்ஸின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். "எனக்கு ஆஸ்துமா இல்லே" என்றேன். யாருக்கும் புரியவில்லை. நெஞ்சைத் தேய்த்துவிட்டபடி, "அவளுக்கு மயக்கத்துல என்ன பேசறோம்னு தெரியலே சார், நீங்க போடுங்க" என்றார் என் கணவர். நான் சொன்ன பொய்யை அவர் எனக்கு எதிராகவே காப்பாற்றிக்கொண்டிருந்தார். "இளைக்கிற மாத்திரை, இன்னிக்கு மூணு" என்று சொல்லி, அவர் கண்ணில் படாமல் முந்தானையில் முடிந்திருந்த மாத்திரை அட்டையை அவிழ்த்துக் காட்டினேன். டாக்டர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, நர்ஸின் கையிலிருந்து ஊசியைத் தானே எடுத்துத் தட்டில் வைத்தார்.

சாயங்காலம்வரை படுக்க வைத்து, வேறு மருந்து கொடுத்து, நாடியை மறுபடி மறுபடி பார்த்தார்கள். படபடப்பு அடங்கிய பிறகு டாக்டரிடமும் கணவரிடமும் பில் விஷயத்தையும் சொல்லிவிட்டேன். டாக்டர் புத்தகத்தில் ஆஸ்துமா என்று இருந்த இடத்திலெல்லாம் சிவப்பு மையால் அடித்துக் கையெழுத்துப் போட்டார்.

"பில்லு விஷயத்தை உங்க வீட்டுக்காரரே ஆபீஸ்ல எழுதிக் கொடுத்துடட்டும். ஆனா ஒண்ணும்மா, நாளைக்கு நீங்க பேச முடியாம வந்தீங்கன்னா, உங்களுக்காக இந்தப் புத்தகம்தான் பேசும்."

என் கணவர் எழுதிக் கொடுத்தார். மூன்று வாரம் வேலை போகுமா இருக்குமா என்று தெரியாமல் இருந்தோம். தபால்காரர் மணியடித்தாலே வாசலுக்கு ஓடுவேன். கடைசியில் பில் பணத்தைப் பிடித்துக்கொண்டு, ஒரு வருஷ இன்கிரிமெண்டை நிறுத்தியதோடு விட்டார்கள். கல்யாணத்துக்கு ரவிக்கையைப் பிரித்து ஒட்டுத் துணி வைத்துத் தைத்துக்கொண்டு போனேன். அந்த அத்தை, "குழந்தை எங்கேம்மா?" என்று கேட்டார். "அன்னிக்குப் பொய் சொன்னேங்க. நான் மாசமா இல்லே, குண்டா இருந்தேன்" என்றேன்.

ஆனால் எனக்கு மறக்காதது ஊசியோ சிவப்பு மையோ இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த இரவு என் கணவர் பாயை எடுத்துக்கொண்டு முன்னறையில் போய்ப் படுத்தார். மறுநாள் விடியற்காலை அடுப்படியில் சத்தம் கேட்டு எழுந்து போனேன். வெந்நீர் அண்டாவைக் கையில் வைத்துக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றிருந்தார். என்னைப் பார்த்தார். பிறகு தண்ணீரை ஊற்றி அடுப்பில் வைத்து, "டாக்டர் வெந்நீர் வேணாம்னு சொல்லலியே" என்றார்.

நாற்பது வருஷமாகிறது. இன்றும் யாரிடமாவது ஒரு சின்னப் பொய் சொல்ல வாயெடுத்தால் அந்த ஊசி நினைவுக்கு வருகிறது. அதைப் போடச் சொல்லிக் கெஞ்சியது என்னை உயிராக நினைத்த மனிதர் என்பதும் நினைவுக்கு வருகிறது, என் இடது கை சில்லிட்டுப் போகிறது.