பத்தரை மணிக்குள் ஏற்றிய சான்றிதழ்

அலுவலகத்தில் நான் அண்ணே என்று கூப்பிடுகிற மனிதரோடு தினம் ஒரு சண்டையாவது போடாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. நாகமலை புதுக்கோட்டையில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே எங்கள் அலுவலகம். மென்பொருள் எழுதி, அதை வாடிக்கையாளரின் சர்வரில் ஏற்றி, விழுந்தால் தூக்கி நிறுத்துவது எங்கள் பிழைப்பு. எழுதுவது நான், ஏற்றுவது அவர். நீ எழுதியது சரியில்லை என்று அவர் சொல்வார், நீங்கள் ஏற்றியது சரியில்லை என்று நான் சொல்வேன். இத்தனை வருஷமும் அப்படித்தான் ஓடியிருக்கிறது.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அவருக்கு வராது. நான் கத்தக் கத்த, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருப்பார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

சிம்மக்கல் பக்கம் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு நாங்கள் மென்பொருள் செய்து கொடுத்திருந்தோம். சோதனை முடிந்ததும் ரிப்போர்ட்டை டாக்டர்களுக்கு அனுப்புவது அதன் வேலை. அதைக் கண்டெய்னரில் வைத்து ஏற்றியிருந்தோம். கண்டெய்னர் என்பது அடைத்த பெட்டி மாதிரி, மென்பொருளும் அதற்கு வேண்டியதெல்லாமும் உள்ளேயே இருக்கும். அந்தப் பெட்டி எந்தச் சர்வரோடும் சட்டென்று பேசிவிடாது. எதிரே இருக்கிற சர்வர் ஒரு பாதுகாப்புச் சான்றிதழை நீட்ட வேண்டும், அதற்குக் கையெழுத்துப் போட்டவர் பெட்டியின் நம்பிக்கைப் பட்டியலில் இருக்க வேண்டும். பெண் கேட்டு வருகிறவர்களிடம் "யாரு சொல்லி வந்தீக" என்று கேட்பார்களே, அதே கதைதான். பரிசோதனைக் கூடம் தன் சர்வர்களுக்குத் தானே கையெழுத்துப் போட்டுக்கொள்கிற இடம். அதனால் அந்தக் கையெழுத்துக்கு அடையாளமான அவர்களுடைய மூலச் சான்றிதழைப் பெட்டி கட்டும்போதே அதன் பட்டியலில் நாங்கள் சேர்த்திருக்க வேண்டும்.

அண்ணன் அதைச் சேர்க்க மறந்துவிட்டார். தொடக்க விழா அன்று, எல்லாரும் கூடி நிற்கும்போதுதான் அது தெரிந்தது. வெள்ளிக்கிழமை. கூடத்தின் முதலாளி தேங்காயும் கையுமாக நின்றுகொண்டு, "தம்பி, பத்தரைக்கு ராகுகாலம் பெறந்துரும். அதுக்குள்ள ஒரு ரிப்போர்ட்டாச்சும் போயிரணும்" என்றார். புதிதாகப் பெட்டி கட்ட நேரமில்லை. அண்ணன் ஓடிக்கொண்டிருந்த பெட்டிக்குள் நுழைந்து சான்றிதழைக் கையாலேயே வைத்துவிட்டார். முதல் ரிப்போர்ட் போனது, தேங்காய் உடைந்தது, எல்லாரும் கேசரி சாப்பிட்டோம்.

கையால் வைப்பதில் ஒரு சிக்கல் உண்டு. பெட்டி விழுந்தால் அதை ஒதுக்கிவிட்டு, அதே அச்சிலிருந்து புதுப் பெட்டி ஒன்று தானாகக் கிளம்பும். அச்சில் இல்லாதது எதுவும் அதில் இருக்காது. "நாளைக்கு முறையா கட்டிக்கிரலாம் தங்கச்சி" என்றார். எந்த நாளைக்கு என்று நானும் கேட்டுக்கொண்டே இருந்தேன். பெட்டி விழவே இல்லை, நாளையும் வரவே இல்லை.

அண்ணனுக்குக் கூடப்பிறந்தது ஒரே ஒரு அக்கா. அந்த அக்காவுக்குக் கல்யாணமாகி, கோயில் கோயிலாக ஏறி இறங்கி, இனி இல்லை என்று எல்லாரும் வாயை மூடிக்கொண்ட பிறகு ஒரு பெண் குழந்தை பிறந்தது. செக்கானூரணி தாண்டி அவர்களுடைய குலதெய்வக் கோயிலில் அதற்கு மொட்டையெடுத்துக் காதுகுத்து வைத்தார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். அந்த மடிக்காக அண்ணன் பட்ட பாட்டை நான் மாதக்கணக்கில் பார்த்தேன். கம்மல் வாங்கிய கடையில் இருந்து பட்டுப்பாவாடையின் கரை வரைக்கும் என்னிடம் காட்டி அபிப்பிராயம் கேட்டு உயிரை எடுத்தார்.

முகூர்த்தம் வெள்ளிக்கிழமையில் விழுந்தது. பத்தரைக்குள் குத்தியாக வேண்டும். அண்ணி சீர்த்தட்டுகளோடு வேனில் முன்னால் போய்விட்டார். அண்ணன் பட்டு வேட்டியில் கிளம்பி நிற்கும்போது பரிசோதனைக் கூடத்திலிருந்து போன் வந்தது. அன்றைக்கு அவர்கள் பக்கம் மாதாந்திர மின்தடை. ஜெனரேட்டர் பிடிப்பதற்குள் யூபிஎஸ் காலை வாரிவிட்டது. சர்வர் விழுந்து எழுந்திருக்கிறது, ரிப்போர்ட் ஒன்றுகூடப் போகவில்லை. காகிதத்தில் அச்சடித்து ஆட்டோவில் கொடுத்தனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

கோயிலுக்குப் போகிற வழியில்தானே அலுவலகம் என்று வந்தவர், திரையைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டார். கையெழுத்துப் போட்டவர் யாரென்று தெரியவில்லை என்று பெட்டி சொல்லிக்கொண்டிருந்தது. புதுப் பெட்டி, பழைய அச்சு.

"சரிபாக்குறத அணைச்சு விட்டுட்டுக் கெளம்புங்கண்ணே" என்றேன். "ஒத்த வரிதான். சாயங்காலம் வந்து முறையாப் பண்ணிக்கிரலாம்."

"ஓடும் தங்கச்சி. அணைச்சு விட்டா ஓடத்தான் செய்யும். ஆனா அப்புறம் எவன் வந்து நாந்தேன் லேபுன்னாலும் பொட்டி நம்பிரும். ஒருத்தருக்குச் சக்கரை எம்புட்டுங்கறத எவனோ மாத்தி எழுதுனா யாரு பதில் சொல்றது?"

"அப்ப அன்னைக்கு மாதிரி கையால வைங்க."

"அன்னைக்கு வச்சதுதேன் இன்னைக்கு இங்க உக்கார வச்சிருக்கு."

"நான் பாத்துக்கிறேன், நீங்க போங்க. உங்க மடிக்குத்தான் அங்க மாத்து ஆள் இல்ல."

"நான் விட்டுட்டுப் போனது. நாந்தேன் கட்டணும்."

எனக்கு வந்ததே கோபம். நீங்கள் இல்லாவிட்டால் உலகம் சுற்றாதா, உங்கள் அக்கா முகத்தில் எப்படி முழிப்பீர்கள் என்று வாய்க்கு வந்தபடி கத்தினேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வேலையைத் தொடங்கினார்.

எங்களிடம் இருந்த மூலச் சான்றிதழ் உண்மையிலேயே அவர்களுடையதுதானா என்று பார்க்க, அதன் கைரேகை மாதிரியான ஒரு நீள வரியைப் போனில் ஒப்பிட வேண்டியிருந்தது. எதிர்முனையில் வரவேற்பில் இருக்கிற பெண் நிறுத்தி நிதானமாக வாசித்தாள். "மூணு... பி... பாட்டிலுக்கு வர்ற பி சார்." பாதியில் ஒரு நோயாளி வந்து ஏதோ கேட்க, அவருக்குப் பதில் சொல்லிவிட்டு, "எதுல விட்டேன் சார்" என்றாள். அண்ணன் முதலிலிருந்து வாசிக்கச் சொன்னார். நான் எழுந்து போய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எங்கள் வீடு மிஷன் பள்ளி வாத்தியார் வீடு, ராகுகாலமெல்லாம் நாங்கள் பார்ப்பதில்லை. அன்றைக்குக் கடிகாரத்தை அதிகம் பார்த்தவள் நான்தான்.

அச்சைத் திருத்திப் புதுப் பெட்டி கட்டுகிற நேரத்தில் அக்காவின் போன். ஸ்பீக்கரில் மேளச் சத்தமும் கேட்டது.

"எங்கடா இருக்க?"

"வேலையில ஒரு தப்புக்கா. சரி பண்ணிட்டு இந்தா வாரேன்."

பின்னால் யாரோ பெரியவர், "பெரியப்பன் மகன் இங்கதான நிக்கிறான், அவனும் மாமன் முறைதான, அவன் மடியில வைங்கத்தா, நேரம் போகுது" என்று சொல்வது தெளிவாகக் கேட்டது. அக்கா போனை வைத்துவிட்டார். அண்ணனின் முகம் செத்துப்போயிற்று. அப்போதும் எழுந்திருக்கவில்லை.

பெட்டி ஏறியது, ரிப்போர்ட்டுகள் போகத் தொடங்கின. நான் ஸ்கூட்டர் சாவியை எடுத்தேன். "இரு" என்று சொல்லிவிட்டு, ஓடுகிற பெட்டியை அவரே வேண்டுமென்று வீழ்த்தினார். புதுப் பெட்டி எழுந்தது, சான்றிதழ் பார்த்தது, பேசியது. அதைப் பார்த்த பிறகுதான் எழுந்தார். அந்த இடத்தில் அவரைக் கொன்றுபோடலாம் போல இருந்தது எனக்கு.

தேனி ரோட்டில் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என் பின்னால் உட்கார்ந்து வந்தார். வழி முழுக்க நான் திட்டிக்கொண்டே ஓட்டினேன். செக்கானூரணி வரும்போது பத்தரை தாண்டிவிட்டது. "குத்தியிருப்பாக தங்கச்சி" என்று மட்டும் சொன்னார். அதற்கப்புறம் எனக்கும் திட்டு வரவில்லை.

கோயிலில் மேளம் நின்றிருந்தது. ஆசாரி ஊசிப் பெட்டியை மூடி வைத்துவிட்டு மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். பந்தியில் இலை போடவில்லை, பசியில் ஆளுக்கு ஆள் முறைத்தார்கள். தலையில் சந்தனத்தோடு குழந்தை அக்காவின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. அதன் காதுகளைத்தான் முதலில் பார்த்தேன். காது வெறும் காதாகவே இருந்தது. பெரியப்பா மகன் மடியில் உட்கார வைத்த குழந்தையை அக்காவே போய்த் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார் என்று அண்ணி என்னிடம் கிசுகிசுத்தார்.

போனில் கேட்ட அதே பெரியவர் இன்னும் அடங்கவில்லை. "அவன் மடியில வச்சாக் காது குத்தாதா? இப்பப் பாரு, நல்ல நேரமும் போச்சு" என்றார்.

"குத்தும் சித்தப்பா, குத்தத்தான் செய்யும்" என்றார் அக்கா. "ஆனா எம்மகளுக்கு மாமன் இவன்தேன். பத்தரை போனா பன்னெண்டு வரும். பன்னெண்டுக்கு மேல வச்சுக்கிருவோம்."

காலையில் "ஓடத்தான் செய்யும்" என்று அண்ணன் என்னிடம் சொன்ன அதே குரல், அதே நிதானம். இந்த மனிதரோடு இத்தனை வருஷம் சண்டை போட்டிருக்கிறேன், இவர் எங்கிருந்து வந்தார் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பன்னிரண்டு அடித்ததும் மேளம் மறுபடி கிளம்பியது. அண்ணன் சப்பணம் போட்டு உட்கார்ந்தார். அக்கா தூங்குகிற குழந்தையை அவர் மடியில் வைத்து, கையை விலக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். ஆசாரி குத்தியதும் குழந்தை விழித்து வீரிட்டது. அதற்கு முன்னாலேயே மாமன் அழ ஆரம்பித்திருந்தார். இரண்டு கையாலும் குழந்தையைப் பிடித்திருந்ததால் கண்ணைத் துடைக்க முடியவில்லை, கண்ணாடி நனைந்து மூக்கில் இறங்கியது. நான் போய் அதைக் கழற்றி, என் முந்தானையில் நன்றாகத் துடைத்து, அவருக்குப் போட்டுவிட்டேன்.