கேசட்டில் மிச்சமிருந்த தாலாட்டு

தொண்ணூற்றாறாம் வருடம், ஜூலை மாதக் குளிர். ஆக்லாந்துக்கு நான் வந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. பாபகூராவில் ஒரு பழைய மரவீட்டில், யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவரோடு வாடகையைப் பகிர்ந்துகொண்டு குடியிருந்தேன். திருச்சியில் இன்ஜினியர் என்று நெஞ்சை நிமிர்த்தி விமானம் ஏறியவனுக்கு, பென்ரோஸில் ஒரு கிடங்கில் அட்டைப்பெட்டி ஒட்டுகிற வேலைதான் கிடைத்தது. அதையும் வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். எனக்கு வாய் ஓயாது. அவரோ எதைக் கேட்டாலும் 'ஓம் தம்பி' என்று ஒரே வார்த்தையில் கதையை முடித்துவிடுவார்.

அவருடைய மனைவி எட்டு மாதத்துக்கு முன் ஊரில் இறந்துபோயிருந்தார். சண்டைக்குப் பயந்து இடம்பெயர்ந்து போன இடத்தில் காய்ச்சல், மருந்து கிடைக்கவில்லை. இவர் நாட்டை விட்டு வந்தபின் பிறந்த ஒரு பெண் குழந்தை, சித்தியிடம் வளர்ந்துகொண்டிருந்தது. செய்தி வந்த மறுநாளும் மனிதர் வேலைக்கு வந்தார். ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டு நான் பார்க்கவில்லை. அது போதாதென்று, தினமும் காலை ரயிலில் ஏறியதும் வாக்மேனைக் காதில் மாட்டிக்கொண்டு கண்ணை மூடிவிடுவார். எப்போதும் ஒரே கேசட். அதன் மேல் ஏதோ சினிமா நடிகை ஆடுகிற படம். மனைவி போய் வருஷம்கூடத் திரும்பவில்லை, இவருக்குக் குத்துப்பாட்டு கேட்கிறதா என்று எனக்கு உள்ளுக்குள் எரிச்சல். கல்நெஞ்சுக்காரர் என்று கிடங்கில் இன்னொருவரிடம் சொல்லியும் இருக்கிறேன். எனக்கு எப்போதுமே நாக்கு நீளம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ரேடியோவில் தமிழ் நிகழ்ச்சி வரும். வாரத்துக்கு ஒரே ஒரு மணி நேரம். அன்றிருந்த பாட்டுப் பஞ்சத்தில் அதைப் பதிவு செய்து வைத்து வாரம் முழுக்கக் கேட்போம். அந்த ஞாயிறு அவர் ஓவர்டைம் போயிருந்தார். நல்ல நல்ல பாட்டாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள், பாதியில் என் கேசட் தீர்ந்துவிட்டது. தேடினால் பிரிட்ஜ் மேல் அவருடைய கேசட் இருந்தது. வாக்மேனில் பேட்டரி தீர்ந்ததால் கழற்றி வைத்திருக்கிறார்.

கடையில் வாங்கும் பாட்டு கேசட்டில் மேலே பதிய முடியாதபடி விளிம்பில் சின்னக் குழி இருக்கும். அதன் மேல் ஒட்டுநாடா ஒட்டினால் பதியலாம். இது எல்லோர் வீட்டிலும் தெரிந்த தந்திரம். இதிலும் ஒட்டியிருந்தது. ஒட்டியிருந்தால் அழித்துப் பதியலாம் என்றுதானே அர்த்தம்? பழைய சினிமாப் பாட்டுக்குப் பதிலாகப் புதிசு, அண்ணனுக்கும் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்து, முதலில் இருந்து ஓடவிட்டுப் பதிந்தேன். கடைசியாக ஓர் ஆட்டப்பாட்டு வந்தது. கையில் கரண்டியோடு சமையலறையில் ஆடினேன். உண்மையாகவே ஆடினேன்.

மதியம் அவர் வந்து, புது பேட்டரி போட்டு, காதில் மாட்டினார். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, கழற்றிவிட்டார்.

"தம்பி, இதில நீங்கள் ஏதும் பதிஞ்சனீங்களோ?"

"ஆமாண்ணே! இன்னைக்கு எல்லாமே சூப்பர் பாட்டு. கேளுங்க."

அவர் என்னைப் பார்க்கவில்லை. கேசட்டை முன்னால் ஓட்டினார், நிறுத்திக் கேட்டார், மறுபடி ஓட்டினார். ஓரிடத்தில் நிறுத்தி, வாக்மேனை என் காதில் மாட்டிவிட்டார்.

நான் ஆடிய பாட்டின் கடைசித் தாளம் அறுந்து, கிர்ரென்று ஒரு சத்தம். அதன் பிறகு ஒரு பெண் தாலாட்டுப் பாடிக்கொண்டிருந்தாள். குரல் திடீரென்று மெலிந்து கீச்சென்று ஓடியது. "வடிவா உழக்கடி!" என்று யாரையோ அதட்டிச் சிரித்தாள். குரல் மெல்ல இறங்கித் தன் நிலைக்கு வந்தது. இடையில் குழந்தையின் முனகல். மூன்று நிமிடம் இருக்கும். பிறகு வெறும் இரைச்சல்.

"மனிசி பாடினது" என்றார். "அங்க கரண்டும் இல்லை, பேட்டரியும் இல்லை. தங்கச்சிக்காரி சைக்கிள் பெடலை உழக்க, டைனமோவில ரெக்கார்டரைப் போட்டுப் பதிஞ்சு அனுப்பினவை. அவள் களைச்சால் குரல் அப்பிடிக் கீச்சிடும். வெறும் கேசட் எங்க தம்பி கிடைச்சது? பாட்டுக் கேசட்டில ஒட்டிப்போட்டுத்தான் பதிஞ்சவை. பிள்ளை வளர்ந்து கேட்டால் குடுப்பமெண்டு வச்சிருந்தனான்."

ரயிலில் மூடியிருந்த அந்தக் கண்கள் அன்றுதான் எனக்கு விளங்கின. அவர் காலைப் பிடித்தேன். அழுதேன். "தெரிஞ்சோ செய்தனீங்கள்? எழும்புங்கோ" என்றார். பிறகு சுவரைப் பார்த்து உட்கார்ந்து, குலுங்கிக் குலுங்கி அழுதார். கல்நெஞ்சு என்று சொன்ன வாயை எங்கே கொண்டுபோய்க் கழுவுவது? அரைமணி நேரத் தாலாட்டில் நான் விட்டுவைத்தது மூன்று நிமிடம். அதுவும் ரேடியோக்காரர்கள் நேரத்துக்கு முடித்ததால்தான்.

அவர் என்னோடு பேசுவதை நிறுத்தவில்லை. அது எனக்கு இன்னும் வலித்தது. மூன்று வருடம் கழித்து மகள் வந்து சேர்ந்தாள். அப்போது அவர் கிளென்ஃபீல்டுக்குக் குடிபோயிருந்தார். போகாமல் இருக்கலாமா என்று பல தடவை யோசித்துவிட்டு ஒரு சனிக்கிழமை போனேன். தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது உள்ளறையில் என் ஆட்டப்பாட்டு கேட்டது. எனக்கு உடம்பு கூசியது. "அதை அழிச்சுடுங்கண்ணே" என்றேன். அவர் தலையாட்டினார். "இல்லைத் தம்பி. அழிக்கப் போய் மற்றதும் போயிடும். பயம்."

எழுந்து எட்டிப் பார்த்தேன். ஆறு வயதுப் பெண், டேப்ரெக்கார்டர் முன்னால் சம்மணம் போட்டு, அசையாமல் உட்கார்ந்திருந்தாள். என் காலடிச் சத்தம் கேட்டதும் உதட்டில் விரலை வைத்தாள்.

"கதைக்காதேங்கோ மாமா. இது முடிய அம்மா வருவா."

இப்போதும் யார் வீட்டுக் கல்யாணத்திலாவது அந்தப் பாட்டைப் போட்டால் மண்டபமே எழுந்து ஆடுகிறது, என்னையும் கையைப் பிடித்து இழுக்கிறார்கள். நான் மட்டும் ஓரமாக நின்று, அது முடிந்ததும் வரவேண்டிய ஒரு குரலுக்காகக் காது கொடுத்துக் காத்திருக்கிறேன். ஒருவருக்கு ஆட்டமாக இருக்கும் பாட்டுக்கு அடியில் இன்னொருவருடைய தாலாட்டு புதைந்திருக்கலாம் என்பதை அதன் பிறகு நான் ஒருநாளும் மறந்ததில்லை.