செவ்வாய்க்கிழமைக்காரர்

ஓசூரில் நான் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தபோது, கம்ப்யூட்டரில் வரைந்ததை அப்படியே காகிதத்தில் வெட்டித் தரும் மெஷின்கள் இரண்டு விற்பனைக்கு இருந்தன. ஒன்று சின்னது, மற்றது பெரியது. அவற்றைப் பார்க்கவே ஒருவர் செவ்வாய்தோறும் வருவார். அவர் கம்பெனிக்கு அன்றுதான் வார விடுமுறை. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், நரை விழுந்த மீசை, விடுமுறை நாளிலும் கம்பெனிச் சட்டை.

ஒரே பூவை இரண்டிலும் வெட்டச் சொல்வார். டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து வெகுநேரம் பார்ப்பார்.

"எது நல்லதுன்னு இன்னும் பிடிபடல அண்ணாச்சி. அடுத்த வாரம் பாப்போம்."

பூக்களைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போவார்.

இந்த மெஷின் வீட்டுக்கு எதற்கு என்று ஒருநாள் கேட்டேன்.

"மத்திகிரில ஒரே ரூம்ல மூணு பேரு, மூணு ஷிப்ட்டு. நான் வாரப்போ ஒருத்தன் போயிருப்பான், ஒருத்தன் தூங்குவான். மூணு பேரு பேரையும் வெட்டிச் சுவத்துல ஒட்டணும். சேந்து இருக்கோம்னு தெரியணும்லா?"

ஏழாவது வாரம் எனக்குப் பொறுமை போய்விட்டது.

"மூணு பேருக்குச் சின்னதே போதுங்க. இதுல இத்தனை நாளா யோசிக்க என்னங்க இருக்குது?"

"சரியாச் சொன்னிய அண்ணாச்சி" என்று சிரித்தார். அன்று பூ வெட்டச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு வரவும் இல்லை.

அடுத்த மாதம் வேறொருவர் சின்ன மெஷினை விலைக்குக் கேட்டார். அதற்கு ஆள் இருக்கிறார் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். இரண்டும் இருந்தால்தானே அவர் வந்து பார்க்க முடியும்.